கியோத்தோவில் ஒரே கிண்ணம்

மகன்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ நீட்டி எழுதவில்லை. ஆவணியில் பூமணியோடு கலியாணம், பக்கத்துத் திருநெல்வேலியில் அவள் தகப்பன் செல்லையாவின் வீட்டில் பதிவு எழுத்தும் சாப்பாடும் என்று சொல்லிவிட்டு, கீழே இப்படி முடித்திருந்தாய்: "ஐயா, வந்தால் பந்தியிலை இருந்து சாப்பிட வேணும். சோடாவைக் குடிச்சிட்டு எழும்பிப் போறதெண்டால் வரவேண்டாம்." நீ கோபத்தில் எழுதியதாக எனக்குப் படவில்லை. யோசித்துத்தான் எழுதியிருக்கிறாய். செல்லையாவின் ஆட்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நம்மவர்கள் போனால் மூடி திறக்காத சோடாவையோ அப்போதே சீவிய இளநீரையோ குடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று திரும்பி வருவதை நீ சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். நானும் அப்படிப் போய் அப்படி வந்தவன்தான். ஆகவே நீ கேட்பது, வருவேனா என்பதை அல்ல, உண்பேனா என்பதை. ஒரு சொல்லில் பதில் எழுத எனக்கு வரவில்லை. எதையும் அடியிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும் என்பது உனக்குத் தெரியும். பொறுமையாக வாசி.

கடிதம் வந்த செய்தி எப்படியோ பரவி, மறுநாளே உன் பெரியப்பா வந்துவிட்டார். கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "உவன் உங்கை போய்க் கட்டட்டும். அது அவன்ரை விதி" என்றார். "நீ போய்ச் செல்லன் வீட்டிலை கை நனைச்சியெண்டால் என்ரை வாசல் படலை உனக்குப் பூட்டு. நீ செத்தாலும் நான் வரன், சொல்லிப்போட்டன். துணி வெளுக்கக் கட்டாடியும் வரான், தலை வழிக்கப் பரியாரியும் வரான். பிறகு இந்தப் பெட்டையை ஆர் கேட்டு வருவான், அதையாவது யோசிச்சியோ?" அண்ணைக்கு முன் நான் எப்போது வாய் திறந்திருக்கிறேன்? குசினி அடுப்படியில் இருந்து உன் தங்கச்சிதான் பதில் சொன்னாள்: "பெரியப்பா, என்னைச் சாட்டாத் தூக்கிப் பிடியாதையுங்கோ. இவ்வளவு நாளும் என்னைக் கேட்டு வந்தவை படலையிலை வரிசையாவே நிக்கினம்?" அவர் சால்வையை உதறிக்கொண்டு போனார். உன் அம்மா இருந்திருந்தால் அவரைச் சமாதானப்படுத்தி ஒரு கோப்பியாவது கொடுத்து அனுப்பியிருப்பாள். நான் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் வருங்கால மாமனாரும் நானும் ஒருமுறை எங்கள் வெள்ளைக்காரத் துரையோடு ஜப்பானுக்குப் போய் வந்ததை நீ அறிவாய். அங்கே ஒரு நாள் நடந்ததை இதுவரை நான் எவரிடமும் சொல்லவில்லை. செல்லையாவும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் பூமணி வழியாக உன் காதுக்கு வந்திருக்கும். நீ கேட்டதற்கு என் பதில் அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

மலாயா ரயில் கந்தோரில் நான் கிளாக்கர், அவர் வேர்க்‌ஷொப்பில் போர்மன். கோபே துறைமுகத்தில் ஒரு தொழிற்சாலையில் எங்கள் ரயிலுக்கு வண்டிகள் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பொறுப்பேற்கத் துரை கிளம்பியபோது கணக்குக்கு என்னையும் இரும்புக்குச் செல்லையாவையும் கூட்டிப்போனார். கப்பலில் அவருடைய பெயர் மிஸ்டர் செல்லையா. ஊரில் அவர் செல்லன். எனக்கு இரண்டும் வாயில் வராது. பெயர் சொல்லாமலே, "இஞ்சை பாரும்" என்று பல வருடம் ஓட்டியவன் நான். அவர் என்னைக் கிளாக்கர் ஐயா என்பார். ஒரே கப்பலில் போனோம், சேர்ந்து உண்ணவில்லை. நான் மரக்கறி மட்டும் உண்பவன் என்பது நல்ல சாக்காக இருந்தது.

வேலை முடிந்து கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு நாள், தொழிற்சாலைக்காரர் எங்களைப் பழைய தலைநகரான கியோத்தோவுக்கு அனுப்பிவைத்தார்கள். காலையில் ரயிலில் போய் இரவுக்குள் திரும்ப வேண்டும். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எங்களுக்கு மொழிபெயர்க்கத் துபாசியாக வந்தார். கறுப்புக் கோட்டின் மேல் குடையை இறுக்கிப் பிடித்திருந்த அவர் என்னைப் போலவே பதற்றக்காரர் என்று கண்டவுடனே தெரிந்தது. வழியில் ஒரு ஸ்டேசனில் சின்ன மண்கேத்தலில் தேத்தண்ணீர் விற்றார்கள். ஆளுக்கொரு கேத்தல், அதற்கு மூடியே கோப்பை. குடித்து முடிந்ததும் கேத்தலை விட்டுவிடலாம். எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்கத் தேவையில்லாத நாடு என்று மன ஆறுதல் பட்டேன்.

முதலில் ஒரு பெரிய மரக்கோயிலுக்குப் போனோம். வாசலில் கல்தொட்டியில் தண்ணீர், மேலே மூங்கில் அகப்பைகள். அகப்பையில் அள்ளி ஒரு கையைக் கழுவி, மறு கையைக் கழுவி, பிறகு உள்ளங்கையில் ஊற்றி வாயைக் கொப்பளிக்க வேண்டும், அகப்பையில் வாய் படக்கூடாது என்று துபாசியார் செய்து காட்டினார். நானும் செல்லையாவும் யாரும் சொல்லித்தராமலே அதைச் சரியாகச் செய்தோம். துரை அகப்பையை நேரே வாய்க்குக் கொண்டுபோக, துபாசியார் பாய்ந்து தடுத்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது நாங்கள் இருவரும் உடனே கழற்றி நின்றோம். துரை படியில் இருந்து நாடாவோடு மல்லுக்கட்டினார். கழற்றியபோது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. செல்லையா சுவரைப் பார்த்துக்கொண்டு, "துரைமாருக்கும் விரல் அஞ்சுதான், ஐயா" என்றார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. மகன், அந்தக் காலையில் எங்களுக்குள் ஊரே இல்லை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு தோட்டம் காட்டினார்கள். மரமோ பூவோ இல்லை. வெள்ளைப் பருக்கைக்கல் பரவிய ஒரு வெளி, அதில் வாரியால் இழுத்த நீளக் கோடுகள், நடுவில் சில பாறைகள். "தோட்டம் எங்கே?" என்று துரை கேட்டார். பாறைகள் தீவுகள், கோடுகள் கடல் என்று துபாசியார் விளக்கிக்கொண்டிருந்தார். செல்லையா அதைக் கேட்கவில்லை. கோடுகளையே நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ரை அம்மா இப்பிடித்தான் முத்தம் கூட்டுவா. கோடு கோடா. ஒரு கோடு கோணாது" என்றார். யாருடைய முற்றம் என்று அவர் சொல்லவில்லை. அது என் தகப்பனாரின் முற்றம். அந்தக் கோடுகளின் மேல் முதல் ஆளாக நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஓம்" என்று தலையை ஆட்டியதோடு சரி. அதற்குப் பிறகு அந்த நாள் எனக்கு முன்போல இல்லை.

நெசவுத் தெருவில் துரை மனைவிக்குப் பட்டு வாங்கி முடிய மத்தியானம் கழிந்துவிட்டது. கடைசியாக ஒரு தேநீர் வீடு. வீடு என்றாலும் மூங்கில் தோப்புக்குள் ஒரு சிறு மண்சுவர்க் குடில்தான். அதன் வாசல் ஒரு பெட்டியின் வாயளவு. முழங்காலில் இருந்து, தலை குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போகலாம். பிரபுவும் வாளை வெளியே வைத்துவிட்டு இப்படித்தான் நுழைவார், உள்ளே பெரியவர் சிறியவர் இல்லை என்றார் துபாசியார். துரையின் பின்பக்கம் மெல்ல உள்ளே மறைவதைப் பார்த்துச் செல்லையா என் காதுக்குள் சொன்னார்: "எங்கடை ஊரிலை நாங்கள் மட்டும்தான் குனியிறது. இஞ்சை எல்லாரும். நீங்களும் குனியுங்கோ, ஐயா." பகிடியாகச் சிரித்துத்தான் சொன்னார். நான் குனிந்தேன்.

உள்ளே பாய். அரை இருட்டு. இரும்புக் கேத்தலில் நீர் கொதிக்கும் சத்தம் மட்டும். நரைத்த தலையுடைய ஓர் அம்மையார் வணங்கி எங்களை இருத்தினார். விருந்தாளிகளுக்கு வயதுப்படி இருக்கை என்றார்கள். துரை முதலில். என்னைவிடச் செல்லையா மூத்தவர், ஆகவே அவர் அடுத்து. பிறகு நான். விருந்தாளி அல்லாத துபாசியார் கடைசியில். அம்மையார் துணியை மடித்த விதமும் கிண்ணத்தைக் கழுவிய விதமும் பூசை போலவே இருந்தன. என் மனம் அமைதியாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பாயில் ஒரே ஒரு கிண்ணம் இருப்பதைக் கவனித்தேன்.

மற்றக் கிண்ணங்கள் எங்கே என்று துபாசியாரை மெதுவாகக் கேட்டேன். தனிக் கிண்ணத் தேநீர் பிறகு வரும், முதலில் வருவது கெட்டியான தேநீர், அது எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். ஒருவர் குடித்து, விளிம்பைக் கடதாசியால் துடைத்து, அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரே கிண்ணத்தில் குடித்தவர்கள் அதன் பிறகு ஒருவருக்கொருவர் அந்நியர் அல்லர் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் பெருமிதம் இருந்தது. துபாசியார் சொன்னதைச் செல்லையாவும் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் முதுகு நிமிர்ந்து இறுகியதைக் கண்டேன்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். வயிற்றுவலி என்று வெளியே போகலாம், ஆனால் அந்த வாசலால் அவசரமாகப் போக முடியாது. வாயில் வைத்தது போல நடிக்கலாம், ஆனால் அம்மையார் ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையாவோடு இடம் மாறலாம், ஆனால் ஏன் என்று துரை கேட்பார். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? துரை வாய் வைத்ததில் நான் குடிப்பேனா என்றும் என்னையே கேட்டேன். குடித்திருப்பேன், மகன். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

துரை குடித்தார், மீசையைத் துடைத்தார், கிண்ணத்தை நீட்டினார். செல்லையா இரண்டு கையாலும் வாங்கினார். அம்மையாருக்குத் தலை வணங்கினார். பிறகு, நம்மூரில் கிணற்றடியில் செம்பை உயர்த்துவோமே, அப்படிக் கிண்ணத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி, அண்ணாந்து, வாயைத் திறந்தார். அந்தத் தேநீர் தண்ணீர் அல்ல, கூழைப் போலத் தடித்தது. முதலில் ஒன்றும் விழவில்லை. கிண்ணத்தை இன்னும் சரித்தார். ஒரு கட்டிப் பச்சை சட்டென்று இறங்கி அவர் நாடியிலும் கழுத்திலும் வெள்ளைக் கொலரிலும் விழுந்து பாயில் சொட்டியது.

துரையின் முகம் சிவந்தது. "கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கத் தெரியாதா உமக்கு? என்னை வெட்கப்படுத்தவா வந்தீர்?" என்று ஆங்கிலத்தில் சீறினார். செல்லையா தன் கழுத்தைத் துடைக்காமல், கடதாசியை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பைத்தான் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கிண்ணத்தை நீட்டினார். எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னார்: "வாய் படேல்லை, ஐயா."

நான் வாங்கினேன். நானும் கிண்ணத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினேன், அண்ணாந்தேன், ஊற்றினேன். பாதி வாய்க்குள் போனது. பாதி மூக்குக் கண்ணாடியில் வழிந்து கோட்டில் இறங்கியது. இப்படியொரு கசப்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கண்ணாடி பச்சையாகி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மையார் மெல்லிய குரலில் ஏதோ கேட்பது கேட்டது. "உங்கள் நாட்டில் மரியாதையாக அருந்துவது இப்படியா என்று கேட்கிறார்" என்றார் துபாசியார். துரை என்னையே பார்த்தார். "ஓம், எங்கள் நாட்டு மரியாதை இதுதான்" என்றேன். அம்மையார் எங்கள் இருவருக்கும் நெற்றி பாயில் படும்படி வணங்கினார். துரை சிரித்துவிட்டார். ஆபத்து போய்விட்டது. செல்லையா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் துரை தூங்கிய பிறகு அவர் கேட்டார். "கிளாக்கர் ஐயா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேளும்."

"துரையிட்டையிருந்து என்னைக் காப்பாத்தத்தான் நீங்களும் அப்பிடிக் குடிச்சனீங்களோ? இல்லாட்டி, நான் பொய் சொல்லுறன், வாய் பட்டிருக்கும் எண்ட பயத்திலையோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். "தெரியேல்லை" என்றேன்.

"அது போதும்" என்றார். "தெரியும் எண்டு சொல்லியிருந்தியளெண்டால்தான் நம்பியிருக்கமாட்டன்."

நான் பென்சன் எடுத்து ஊர் வந்தேன். அவரும் வந்து திருநெல்வேலியில் கல்வீடு கட்டினார். பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் இருப்பதா, ஒரே பந்தியில் உண்பதா என்று ஊர் இரண்டுபட்டபோது நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. நீ பேசினாய். நீ பேசியதைக் கேட்டுப் பெருமைப்பட்டேனா, பயந்தேனா என்று கேட்டால் அதற்கும் என் பதில் அன்று ரயிலில் சொன்னதுதான். என் தொல்லை அதுதான், மகன். நான் ஏன் ஒன்றைச் செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்த முறை நீ ஏன் என்று கேட்கவில்லை. உண்பேனா என்றுதான் கேட்டாய். காரணம் தெரியாவிட்டாலும் செய்து பார்க்கக்கூடிய காரியம் இது என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே திங்கட்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு பலாலி வீதியால் நடந்து செல்லையா வீட்டுக்குப் போனேன். படலையில் என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். முகம் கறுத்தது. "கலியாணத்தைக் குழப்ப வந்தனீங்களெண்டால் நேரே சொல்லுங்கோ, ஐயா. சுத்தி வளைக்க வேண்டாம்" என்றார்.

"குழப்ப வரேல்லை."

"அப்ப இருங்கோ. சோடா எடுப்பிக்கிறன்."

"சோறு இருக்கோ?" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். "கலியாணத்தண்டு பந்தியிலை இருந்து, சனத்துக்கு முன்னாலை என்ரை தொண்டை மறுத்துப்போட்டால் உம்மடை பிள்ளைக்கு அவமானம். அதுதான், முதலே ஒருக்கால் சாப்பிட்டுப் பாக்க வந்தனான்."

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்: "இஞ்சரப்பா, சம்பந்தி சோத்துக்கு ஒத்திகை பாக்க வந்திருக்கிறார். இலையைப் போடு!"

புழுங்கலரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. அவரும் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என் கையையே பார்த்தார். நான் எல்லாவற்றையும் உண்டேன். கறி நன்றாக இருந்தது என்று சொன்னேன், அது உண்மை. பிறகு வீடு திரும்பும் வழியில், பனங்கூடலுக்குள் ஒதுங்கி உண்ட அவ்வளவையும் வெளியே சத்தி எடுத்தேன். இதை உனக்கு மறைக்கலாம். மறைத்தால் நீ என்னைத் தவறாக மதித்துவிடுவாய். அது அருவருப்பு அல்ல என்று நினைக்கிறேன், பயம் என்று நினைக்கிறேன். ஆனால் உடம்பு எதற்காகச் செய்ததென்று நான் யார் சத்தியம் செய்ய? அங்கேயே ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பூமணி இதை வாசிக்க நேர்ந்தால் வாசிக்கட்டும். எப்படிப்பட்ட மாமனார் கிடைக்கிறார் என்று அவள் அறிந்தே வரட்டும்.

மறுநாள் மறுபடியும் போனேன். பனங்கூடல் விஷயத்தையும் செல்லையாவிடம் சொன்னேன். அவர் கோபித்து என்னை வெளியே அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். "நேற்றையான் சோறு வீண்" என்று மட்டும் சொல்லி இலையை விரித்தார். அன்று உண்டது தங்கியது. அதற்கு மறுநாள் பசித்தே உண்டேன். சொதி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

பெரியப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. நேற்று அவர் படலையைக் கடந்து போனேன், பூட்டித்தான் கிடந்தது. உள்ளே அவர் நிற்பது வேலிக்கு மேலால் தெரிந்தது. "அண்ணை" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அது எனக்கு நோகிறது. நீயும் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், உன் மனதை மாற்ற அல்ல. அவர் ஒருநாள் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் அதைச் சுமப்பவன் நான்தான், நீ அல்ல.

கலியாணத்துக்கு நான் வாறன், மகன். உன் தங்கச்சியும் வருகிறாள். அவளுக்கு ஒத்திகை தேவையில்லையாம். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பெரியவர்கள் வந்து சேரட்டும், மரியாதை பார்க்கட்டும் என்று என்னை எங்கேயும் காத்திருக்க வைக்காதே. முதல் பந்தியிலேயே இருத்திவிடு. இரண்டாம் பந்திவரைக்கும் தாங்கக்கூடிய துணிவு என்னிடம் இல்லை.

உன் ஐயா